கஞ்சி போட்ட ஸ்வெட்டர்

பெட்டியை இன்னும் மூடவில்லை, அப்பு. நீ மாடியில் சிநேகிதர்களோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாய். நான் கீழே பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கட்டில் முழுக்க உன் துணி. ஒரு வாரமாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை நீ ரயில் ஏறுகிறாய். பேங்க் ஆபீசராக, இமாசலத்தில், மலை மேல், என் வாயில் நுழையாத பேர் கொண்ட ஓர் ஊருக்கு. அந்தப் பேரைக் கீரைக்காரம்மாவிடம் சொன்னேன், டவுன் பஸ் கண்டக்டரிடம் சொன்னேன், தாலுகா ஆபீசில் பட்டா மாற்ற வந்த ஒரு பெரியவரைப் பிடித்து உட்கார வைத்துக்கூடச் சொன்னேன். மூன்று பேரிடமும் மூன்று விதமாக உச்சரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர்களுக்காக டைப் அடித்த கை இது. சொந்தமாக ஒரு கடிதம் எழுத இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பத்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உன் அரக்குக் கலர் ஸ்வெட்டரைப் பற்றியது. ஒன்பதாவது படிக்கும்போது நீ தொலைத்துவிட்டாய் என்று இந்த வீட்டில் எல்லோரும் சொல்கிறோமே, அதே ஸ்வெட்டர். அதற்கு வருகிறேன். ஆனால் அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் உனக்குக் கோபம் மட்டும்தான் வரும். என் சந்தோஷத்தையும் கூடவே எழுதினால் இரண்டையும் சேர்த்துத்தான் நீ வாசித்தாக வேண்டும். உன் அப்பா கேட்டால் என்னைத் தந்திரக்காரி என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முதலில் சந்தோஷம். நீ போகிற ஊரில் துணிக்கு நான்கு காலம் உண்டாமே! குளிருக்கு ஒரு பெட்டி, கோடைக்கு ஒரு பெட்டி, நடுவில் இரண்டும் கெட்டானாக வருகிற மாதங்களுக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வார்களாம். நம் திண்டுக்கல்லில் என்ன இருக்கிறது? பங்குனியில் ஆரம்பிக்கிற வெயில், ஆடியில் மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற காற்று, ஐப்பசியில் மனசு வைத்தால் பெய்கிற மழை, மார்கழியில் சிறுமலைப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் ஓடிவிடுகிற ஒரு குளிர். இந்தக் கொஞ்சூண்டு மாற்றத்துக்கே வருஷத்தில் இரண்டு தடவை பீரோவைத் தலைகீழாக்கி ஆர்ப்பாட்டம் பண்ணுகிறவள் நான். நிஜமான குளிர்காலமும் நிஜமான வசந்தகாலமும் இருக்கிற ஓர் ஊர் எனக்குக் கிடைத்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பேன்! எனக்குக் கிடைக்கவில்லை, உனக்குக் கிடைத்திருக்கிறது. அதை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

பீரோ நாள் உனக்கு மறந்திருக்காது. பங்குனிக் கடைசியில் ஒன்று, புரட்டாசிக் கடைசியில் ஒன்று. காலண்டரைப் பார்த்தா நாள் குறித்தோம்? குழாயைப் பார்த்துத்தான். போர் தண்ணீரில் துவைத்து அப்படியே எடுத்து வைத்தால் அடுத்த தடவை வெளுப்பெல்லாம் பழுப்பாக இருக்கும். உப்பு அப்படி. கடைசி அலசு நல்ல தண்ணீரில்தான் ஆக வேண்டும். நகராட்சிக் குழாயோ வாரம் கடந்தும் எட்டிப் பார்க்காது. நீ ஐந்து வயதில் வாசலில் காவல் இருப்பாய். குழாயில் காற்று உறுமுகிற சத்தம் கேட்டதும், "அம்மா, வருது, வருது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாய். அன்றைக்கு எனக்குக் காய்ச்சலே இருந்தாலும் பீரோ நாள்தான். மொட்டை மாடியில் நான்கு வரிசை கொடி கட்டுவோம். நீ கீழே உட்கார்ந்து காய்ந்த வேப்பிலையில் காம்பு கிள்ளிச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டுவாய். அப்பா நிலக்கோட்டையிலிருந்து பூ வேனை ஓட்டி வந்து நிறுத்திவிட்டு, மல்லிகை வாசனையோடு மாடி ஏறி வந்து, "இன்னைக்கு வெஞ்சனம் ஒண்ணும் கிடையாதாக்கும்?" என்று கேட்பார். கிடையாதுதான். பீரோ நாளில் நம் வீட்டில் ஊறுகாயும் மோரும் மட்டும்தான்.

அங்கே போனதும் இதைத்தான் நீ செய்ய வேண்டும். தண்ணீருக்காகக் காத்திருக்கத் தேவையிராது, அவ்வளவுதான் வித்தியாசம். எடுத்து வைக்கிற துணி எதுவானாலும் துவைத்துத்தான் எடுத்து வை. ஒரே ஒரு நாள் போட்டதுதானே, பார்க்கப் பளிச்சென்றுதானே இருக்கிறது என்று மடித்துவிடாதே. கழுத்துப்பட்டையில் இருக்கிற வியர்வை இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்து மஞ்சளாகத் தெரியும். அப்பாவின் சட்டைகளில் பூச்சாறு பட்ட இடமெல்லாம் அப்படித்தான் பழுப்பேறிப் போயிற்று. பொத்தான் போயிருந்தால் எடுத்து வைப்பதற்கு முன்பே தைத்துவிடு. எடுக்கிற அன்றைக்கு அவசரமாகத்தான் எடுப்பாய், அன்றைக்கு ஊசி கிடைக்காது. பாச்சா உருண்டையைத் துணியில் முடிந்து மூலையில் வை, துணி மேல் நேராகப் போடாதே. என் கல்யாணப் பட்டுச் சேலை ஜரிகை கறுத்தது அதனால்தான். நீ கல்யாணம் பண்ணிக் கூட்டி வருகிற பெண்ணின் பட்டாவது தப்பிக்கட்டும். கல்யாணப் பேச்சை எடுத்தேன் என்று முகத்தைச் சுளிக்காதே, பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள். தெரியாமல் போன ஒன்றுக்கு இப்போது வருகிறேன். என் கர்வமெல்லாம் கஞ்சியில் இருந்தது, அது உனக்கே தெரியும். தாலுகா ஆபீசில் என் சின்னாளபட்டிச் சுங்குடியின் மடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் மடிப்பைச் சரி செய்வார்கள். ஜவ்வரிசிக் கஞ்சியைப் பதமாகக் காய்ச்சி, வடிகட்டி, சேலையை முக்கி எடுத்து, நிழலில் பாதி வெயிலில் பாதி காயவைத்து இழுத்து மடித்தால் சேலை தானாக எழுந்து நிற்கும். சேலையோடு நிறுத்தினேனா? தலையணை உறை, கைக்குட்டை, உன் பள்ளிக்கூடக் கால்சட்டை எதையும் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை அப்பாவின் கைலிக்கும் போட்டுவிட்டேன். மனிதர் நடக்க நடக்கச் சரசரவென்று சத்தம். "ஏன்டி, நான் என்ன ஓலைத் தட்டியவா கட்டிக்கிட்டு நடக்குறேன்?" என்று கேட்டார். நீ சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் உன் தலையைத் தட்டியபடியே சிரித்தேன்.

நீ எட்டாவது படிக்கும்போது கார்த்திகையில் மாமா பட்டாளத்திலிருந்து லீவில் வந்தார். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்தார். அரக்குக் கலர், முன்னால் முறுக்கு முறுக்காகப் பின்னல். தான் வேலை பார்த்த மலை ஊரில் ஓர் அம்மாள் கையால் பின்னியது என்றார். "வளர்ற பிள்ளைல்ல, செத்தப் பெரிசாவே வாங்கியாந்தேன்" என்று உன் தலைவழியாகப் போட்டுவிட்டார். கை உன் விரல் நுனி வரைக்கும் வந்தது. நம் தெருவில் அதற்கு முன்னால் ஒருத்தரிடமும் ஸ்வெட்டர் கிடையாது. அந்த மார்கழி முழுவதும் நீ அதைக் கழற்றவே இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மூக்கு நுனியில் வியர்வை சொட்ட வாசலில் நிற்பாய். பக்கத்து வீட்டு மெஹ்ருன் அத்தை, "ஏலே, காய்ச்சலா உனக்கு?" என்று கேட்டால், "குளுருது அத்தே" என்பாய். கூசாமல் சொல்லுவாய். எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.

பங்குனியில் பீரோ நாள் வந்தது. உன் ஸ்வெட்டரைத் துவைத்தேன். கல்லில் நான்கு அடி அடித்தேன் என்பதையும் ஒளிக்கவில்லை. அலசித் தூக்கிப் பார்த்தால் தொளதொளவென்று தொங்கிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுப் பீரோவுக்குள் இப்படி உயிரில்லாமல் ஒரு துணி போகக் கூடாது என்று தோன்றியது. பக்கத்தில் சுங்குடிக்குக் காய்ச்சின கஞ்சி மிச்சம் இருந்தது. ஆமாம் அப்பு. ஸ்வெட்டருக்குக் கஞ்சி போட்டேன். இந்த நாட்டிலேயே கம்பளிக்குக் கஞ்சி போட்ட ஒரே பெண்பிள்ளை உன் அம்மாவாகத்தான் இருப்பாள். சுள்ளென்ற வெயிலில் காய்ந்ததும் அது பலகை மாதிரி நின்றது. எனக்கு அப்படி ஒரு திருப்தி! அந்த நேரம் நீ பரீட்சைக்குப் போயிருந்தாய். நீ வருவதற்குள் மடித்து, சரியாகச் சொன்னால் மடக்கி, பேப்பரில் சுற்றி பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டேன்.

அடுத்த கார்த்திகையில் ஒரு சாயங்காலம் நீ சைக்கிளை வாசலில் அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தாய். டெல்லியில் அறிவியல் கண்காட்சி, தை மாதம், பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு பேர், அதில் நீ ஒருவன். ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட்ட குளுக்கோஸ் டியூபுகளை வைத்து நீ செய்திருந்த சொட்டு நீர்ப் பாசன மாடல் தேர்வாகியிருந்தது. கம்பளி ஸ்வெட்டர் கட்டாயம் என்று நோட்டீசில் போட்டிருந்தது. "அம்மா, ஆறு பேருல என்கிட்ட மட்டுந்தான் ஸ்வெட்டர் இருக்கு! சார்கிட்டச் சொல்லிட்டேன்!" என்று என் கையைப் பிடித்துச் சுற்றினாய். நாளைக்கு எடுத்துத் தாரேன் என்றேன். புரட்டாசிப் பீரோ நாளில், மார்கழிக்குத்தானே என்று அந்தப் பொட்டலத்தை மட்டும் பிரிக்காமல் விட்டிருந்தேன். மறுநாள் நீ பள்ளிக்கூடம் போனதும் அடித்தட்டைத் திறந்து பேப்பரைப் பிரித்தேன். கம்பளி பொடிப்பொடியாக உதிர்ந்தது. பின்னலில் பாதிக்கு மேல் ஓட்டை. விரலை விட்டால் அந்தப் பக்கம் வந்தது. ஓட்டை இல்லாத இடமெல்லாம் கஞ்சியில் அப்படியே விறைத்து நின்றது. கறிவேப்பிலை கேட்டு வந்த மெஹ்ருன் அத்தை என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் தோலைப் பூச்சி அரிக்காமல் அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் வேலை பார்த்தவர், அவளுக்கு எல்லாம் ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது. "யா அல்லா! ஆட்டு முடியே பூச்சிக்கு விருந்து. அதுல கஞ்சி வேற ஊத்திக் குடுத்திருக்கியேடி!" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சாயந்தரம் பிள்ளை வந்ததும் சொல்லிரு. அவன் சிரிச்சிருவான்" என்றாள். நீ சிரித்திருப்பாய், அப்பு. கைலிக்குச் சிரித்த பிள்ளைதானே நீ.

நான் சொல்லவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிக் கொடைரோட்டுக்குப் போனேன். ஸ்டேஷன் வாசலில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் விற்பார்கள் அல்லவா, அங்கே அதே அரக்குக் கலரில் ஒன்று வாங்கி வந்து சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடலாம் என்பது என் திட்டம். எல்லாக் கடையிலும் கேட்டேன். கறுப்பு இருந்தது, பச்சை இருந்தது. உன் அளவில் நல்ல இலைப்பச்சை ஒன்று, கையில் எடுத்துப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. அரக்கு மட்டும் இல்லை. பச்சையை வாங்கிப் போனால் அரக்கு எங்கே என்று கேட்பாய், கேட்டால் சொல்ல வேண்டும். கஞ்சிக்காரி என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவள், கஞ்சியாலேயே பிள்ளையின் துணியைப் பாழாக்கினேன் என்று எப்படிச் சொல்லுவேன்? உன் அப்பாவிடம், உன் மாமாவிடம், ஆபீசில்? பச்சையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். ஸ்வெட்டரைக் கெடுத்தது தெரியாமல் செய்த தப்பு. அந்தப் பச்சையைத் திருப்பிக் கொடுத்தது தெரிந்தே செய்தது.

சாயங்காலம் நீ பையைக்கூட இறக்காமல், "எங்கம்மா ஸ்வெட்டரு?" என்று கேட்டாய். பீரோவில் இல்லை என்றேன். "நீதானம்மா துவைச்சு வச்சே?" என்றாய். ஆகஸ்டு மாதம் பள்ளிக்கூட நாடகத்தில் நீ பட்டாளத்துக்காரன் வேஷம் போட்டது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்து தொலைத்தது. "நாடகத்துக்குப் பை குடுத்து விட்டேன்ல, அதுல ஸ்வெட்டரையும் வச்சுத்தான் குடுத்தேன். திருப்பிக் கொண்டாந்தியா?" என்றேன். "வச்சியாம்மா?" என்று கேட்டாய். "வச்சேன்" என்றேன். நீ யோசித்தாய். என் கண்ணுக்கு முன்னாலேயே உன் முகத்தில் சந்தேகம் வந்தது. என் மேல் வரவில்லை, உன் மேலேயே வந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா வேலை முடிந்து களைத்துப் போய் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டு உன் முதுகில் ஒன்று வைத்தார். "ஒரு ஸ்வெட்டரைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல, இவன் டெல்லி போயி என்னத்தக் கிழிக்கப் போறான்? ஒண்ணைத் தொலச்சவனுக்கு இன்னொண்ணா? ஒண்ணும் போக வேணாம்" என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் இடத்தில் வேறு ஒரு பையன் போனான். உன் டியூபுகளையும் அவன்தான் கொண்டு போனான்.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. நீ மறக்கவிடவில்லை. அடுத்த பீரோ நாளில் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தாய். உள்ளே போகிற ஒவ்வொரு துணியையும் எழுதிக்கொண்டாய். என் பிள்ளை பெரிய ஸ்டோர் கீப்பர் என்று நான் ஆபீசில் சொல்லிச் சிரித்தேன், எவ்வளவு கெட்ட சிரிப்பு அது. வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கப் பழகினாய். பேங்க் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டை நான்கு நகல் எடுத்து நான்கு இடத்தில் வைத்தாய். மாமா அடுத்த லீவில் வந்து, "ஸ்வெட்டர் பத்துதாடா?" என்று கேட்டபோது நான் தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். "தொலச்சிட்டேன் மாமா. நாடகம் முடிஞ்சு வரும்போது பையில இருந்து விழுந்துருச்சு" என்றாய். விழுந்தது என்று நான் சொல்லவே இல்லையே! நானே இட்டுக்கட்டின ஒன்றை நீ உன் கண்ணால் பார்த்த மாதிரி சொன்னாய். நான் உன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

போன வாரம் நீ இந்தப் பெட்டியைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்து என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "நீயே அடுக்கிரும்மா. நான் அடுக்குனா எதையாச்சும் தொலச்சிருவேன். என் ராசிதான் உனக்குத் தெரியுமே." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். இருபத்திநான்கு வயசு ஆபீசர். நாளைக்கு ஊரார் பெட்டகத்துக்கெல்லாம் சாவி வைத்துக்கொள்ளப் போகிறவன். அவனுக்குள்ளே இன்னும் ஒன்பதாவது படிக்கிற அந்தப் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அந்தப் பிள்ளையை அங்கேயே நிறுத்திவிட்டு உன்னை மட்டும் ரயில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. அதனால் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். நாடகப் பையில் நான் ஸ்வெட்டர் வைக்கவில்லை. நீ தொலைக்கவில்லை. அது ஒரு நாளும் இந்த வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பீரோ அடித்தட்டின் விரிப்புப் பேப்பருக்குக் கீழே பத்து வருஷமாகக் கிடந்தது. ஒவ்வொரு பீரோ நாளிலும் நீ நோட்டும் கையுமாக அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாய்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். "அடிச்சது என் கைதானே. நீ எழுதுறதுல என்னையும் சேத்து எழுது" என்றார். அப்புறம் செத்த நேரம் கழித்து, "கஞ்சியா? ஸ்வெட்டருக்கா?" என்று கேட்டார். வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன், அழுதுகொண்டே சிரித்தேன். மெஹ்ருன் அத்தை மதில் வழியாக எட்டிப் பார்த்து, "சொல்லிட்டியா?" என்றாள். பத்து வருஷமாக அவள் கேட்காமல் இருந்த கேள்வி அது.

ஆகையால் இனி நான் கம்பளியைப் பற்றிச் சொல்லுவதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது, நம்பிக் கேள். சுடுதண்ணீர் ஆகாது, கல் ஆகாது, சோப்புக்கட்டியும் ஆகாது. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூவைக் கலக்கி அமுக்கி அமுக்கி எடு. முறுக்கிப் பிழியாதே. துண்டில் வைத்துப் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி அழுத்தினால் ஈரத்தைத் துண்டு குடித்துவிடும். கொடியில் தொங்கவிட்டால் முழங்கால் வரைக்கும் இறங்கிவிடும், நிழலில் படுக்கப்போட்டு உலர்த்து. ஹேங்கரில் மாட்டாதே, மடித்து வை. குளிர் வந்த பிறகு அவசரமாகப் பெட்டியைத் திறக்காமல், வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே எடுத்துக் காற்றாட விடு. குளிர் போனதும் துவைத்து, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்தி, வேட்டித் துணியில் சுற்றி வை. பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். அப்பாவின் பழைய வேட்டியில் இரண்டு துண்டு மெத்தென்று அலசி வைத்திருக்கிறேன். வேப்பிலை முடிச்சும் வசம்பும் அதற்குள்ளே இருக்கின்றன. உன் பருத்திச் சட்டைகளில் நான் போட்ட கஞ்சியையெல்லாம் அலசி எடுத்துவிட்டேன். போடுகிற அன்றைக்குத்தான் கஞ்சி, தூங்கப் போகிற துணிக்குக் கஞ்சி கிடையாது. இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு உன் டெல்லி செலவாயிற்று.

உன் டெல்லியை நான் திருப்பித் தர முடியாது. ஆனால் பார், ரயில் உன்னை டெல்லி வழியாகத்தான் கொண்டு போகப் போகிறது! பனி எல்லாம் கொட்டி முடிந்து, மரம் துளிர்த்து, கம்பளியை எடுத்து வைக்கிற நாள் ஒன்று அங்கே வரும். அதற்கு முன்னால் ஒரு போன் போடு. நானும் அப்பாவும் வாரோம். அங்கே தேவையில்லை என்றாலும் குழாயடியில் அப்பாவைக் காவல் வைத்துவிட்டு, நாம் இருவரும் பருத்திக்கு நான்கு வரிசை கொடி கட்டி, கம்பளிக்குப் பாய் விரித்து உன் பீரோ நாளைக் கொண்டாடுவோம். கஞ்சிச் சட்டியை மெஹ்ருன் அத்தையிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவேன், அவளே சாட்சி. உனக்குக் கூப்பிட மனசு வராவிட்டால் நான் வம்பு பண்ண மாட்டேன். அப்போதும் அந்த வேட்டித் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், அது மட்டும் என் கட்டளை. துணிக் கணக்கு எழுதுகிற நோட்டு எதுவும் நான் வைக்கவில்லை. உனக்கு அது தேவையில்லை.

பெட்டியின் அடியில் பேப்பர் சுற்றின ஒரு பொட்டலம் இருக்கும். பிரித்துப் பார். அரக்குக் கலர். மூன்று தண்ணீரில் அலசியும் கஞ்சி முழுக்கப் போகவில்லை. ஓட்டைகளை நான் தைக்கவில்லை, அப்படியே இருக்கின்றன. பெட்டிக்கு மேலே, திறந்ததும் கையில் படுகிற இடத்தில் புதுசு ஒன்று இருக்கும். போன சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் கொடைரோட்டுக்குப் போய் வாங்கினேன். அதே ஸ்டேஷன் வாசல்தான். கடைக்காரத் தம்பி அரக்குக் கலரில் ஒன்றை எடுத்து உதறி விரித்து, "இது எடுத்துக்கங்கக்கா, இப்ப இதுதான் ஓடுது" என்றான். உன் அளவுதான், முன்னால் முறுக்குப் பின்னல்கூட இருந்தது. நான் பச்சையைத்தான் வாங்கினேன்.

அம்மா